இரண்டு ஹாரிஸ், ஒரு லூஷிங்டன்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் டெனம் ஊரைச் சுற்றியுள்ள சின்னச் சாலைகளில் சைக்கிளில் போனால் ஒரு விஷயம் கண்ணை உறுத்தும். சாலை மேட்டில் இருக்கும். பக்கத்து ஆப்பிள் தோப்பு சில அடி பள்ளத்தில் கிடக்கும். புதிதாக நட்ட கன்றென்றால் அதன் நுனி நம் பெடலுக்கு நேரே நிற்கும். இந்தப் பள்ளத்தை வெட்டியது லண்டன். பழங்காலத்தில் காற்று கொண்டுவந்து சேர்த்த மிருதுவான மண் இங்கே படிந்திருந்தது. செங்கல் அறுக்க அருமையான மண். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் தெருத்தெருவாக வீங்கியபோது, நிலக்காரர்கள் மேல்மண்ணை ஒதுக்கிவைத்துவிட்டுக் கீழ்மண்ணை வெட்டி விற்றார்கள். அது தீர்ந்ததும் ஒதுக்கியதைத் திரும்பப் பரப்பி மரம் நட்டார்கள். சாலை ஊருக்குப் பொது, அதில் யாரும் கைவைக்க முடியாது. அதனால் அது பழைய மட்டத்திலேயே நிற்கிறது. மஞ்சள் செங்கல்லை ஏற்றிப்போன பாய்மரப் படகுகளும் வெறுமனே திரும்பவில்லை. லண்டன் வீடுகளின் அடுப்புச் சாம்பலையும் லாயங்களின் குதிரைச் சாணத்தையும் ஏற்றி வந்தன. சாம்பல் செங்கல் மண்ணில் கலந்து சூளைக்குப் போயிற்று; சாணம் மரத்தடிக்குப் போயிற்று.

எனக்குச் சொந்த ஊர் வேலூர். இங்கே கென்ட் மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடுமுறை கிடைத்தால் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு டெனத்தில் இறங்குவது வழக்கம். கூட வருகிற தோழிகள் “என்ன அமைதி, என்ன பசுமை” என்று உருகுவார்கள். அமைதி உண்மைதான்; வெகு நேரம் மிதித்தாலும் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் பெரிது. ஆனால் அதை இயற்கை கொடுத்த வரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். இங்கே ஒரு வேலியோ வளைவோ மரமோ தானாக வந்ததில்லை. யாரோ பணம் போட்டார்கள், யாரோ கூலிக்கு ஏணி ஏறினார்கள். போட்ட பணத்தில் ஒரு பங்கு நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நிலத்தின் கிடையைச் சொல்லிவிடுகிறேன். டோவர் துறைமுகத்திலிருந்து கேன்டர்பரி வழியாக லண்டனுக்கு ரோமானியர் போட்ட நேர்ச்சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. வாட்லிங் ஸ்ட்ரீட் என்று பெயர். இன்றைக்கு ஏ2 நெடுஞ்சாலை. அதற்கு வடக்கே சதுப்பும் உப்பங்கழியும். தெற்கே நார்த் டவுன்ஸ் என்ற சுண்ணாம்புக் குன்றுகள் மெல்ல மெல்ல ஏறும். சின்னச் சாலைகளில் பல குன்றிலிருந்து கழிக்கு இறங்குபவை. ஒரு காலத்தில் பன்றிகளையும் மாடுகளையும் தெற்கே காட்டுக்கு மேய்ச்சலுக்கு ஓட்டிப்போன தடங்கள் அவை. பிற்காலத்தில் அதே தடத்தில் பழ வண்டிகள் படகுத்துறைக்கு இறங்கின. ஆகவே தெற்கு வடக்காகப் போனால் சைக்கிளுக்குச் சுகம். கிழக்கு மேற்காகப் போனால் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இறங்கி ஏற வேண்டும், தொடை பேசும்.

இனி முதல் ஹாரிஸ். ரிச்சர்ட் ஹாரிஸ் எட்டாம் ஹென்றி மன்னருக்குப் பழம் வாங்கிக் கொடுத்த அரண்மனைப் பழக்காரர். அயர்லாந்தில் பிறந்தவர் என்று 1609இல் வந்த ஒரு சிறு நூல் சொல்கிறது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நல்ல பழம் வேண்டுமென்றால் பிரான்சிலிருந்தோ ஃபிளாண்டர்ஸிலிருந்தோ கப்பலில் வரவேண்டும். மடாலயத் தோட்டங்களில் ஆப்பிளும் பேரிக்காயும் இருந்தன. ரோமானியர் கொண்டுவந்த செர்ரி நாட்டுக்கு வந்து சேர்ந்ததை ரோமானிய எழுத்தாளர் பிளினியே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் சந்தைக்கு ஈடுகொடுக்கிற தரமோ அளவோ இல்லை. ஹாரிஸ் 1533 வாக்கில் பிரான்சிலிருந்து ஆப்பிள் ஒட்டுக் குச்சிகளையும், ஃபிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து செர்ரி, பேரி ஒட்டுகளையும் வரவழைத்து, டெனத்தில் 105 ஏக்கரில் நட்டார். அதில் வளர்ந்த மரங்களிலிருந்து ஒட்டு எடுத்து அக்கம்பக்கத்து ஊர்கள் நட்டன. 1576இல் வில்லியம் லாம்பார்ட் கென்ட் மாவட்டத்தின் வரலாற்றை நூலாக வெளியிட்டபோது (இங்கிலாந்தில் ஒரு மாவட்டத்துக்கென்று வந்த முதல் வரலாற்று நூல் அது) டெனமும் சுற்றுப்பட்டும் ஏற்கெனவே பழத்துக்குப் பேர் வாங்கியிருந்தன. நாற்பது ஆண்டு இடைவெளியில் இது நடந்திருக்கிறது.

ஏன் டெனம்? மண் ஒரு காரணம். தண்ணீர் அதைவிடப் பெரிய காரணம். செர்ரி பறித்த மறுநாளே வாடத் தொடங்கும். மேடுபள்ள மண் சாலையில் கட்டை வண்டி லண்டனுக்குப் போய்ச் சேர்வதற்குள் கூடையின் அடியில் கூழ்தான் மிஞ்சும். கழிமுகத்திலிருந்து படகு கிளம்பினால் தேம்ஸ் நதி வழியாக நேரே நகரத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். பக்கத்து ஃபேவர்ஷம் துறையிலிருந்து பழமும் பிறகு பியருக்கான ஹாப்ஸும் தானியமும் இப்படியே போயின. பழத்தோட்டம் எங்கே வரவேண்டும் என்பதைத் தீர்மானித்தது லண்டனின் வாய்.

செர்ரித் தோப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் பழைய மாதிரியான தோப்பு இப்போது மிகச் சிலதான் மிச்சம். ஹாரிஸ் வழியில் வந்த செர்ரி மரங்கள் நம்மூர் புளியமரத்துக்குப் போட்டியாக உயர்ந்தவை. கீழே புல், புல்லில் ஆடு. ஆடு புல்லை மட்டமாக வைத்திருக்கும், எருவும் போடும். அவ்வளவு உயரத்தில் பறிக்க ஏணி வேண்டும். அந்த ஏணி தனி ரகம். அடிப்பாகம் அகலமாகப் பரந்திருக்கும், மேலே போகப் போகக் குறுகிக் கிட்டத்தட்டக் கூம்பாக முடியும். கிளைகளுக்கு நடுவில் நுழைக்க அதுதான் வசதி. நீளமான ஏணியை நட்டுக்குத்தாக நிமிர்த்தி, அப்படியே நடத்திக்கொண்டுபோய் அடுத்த கிளையில் சாய்ப்பது ஒரு வித்தை. அந்த வேலைக்கென்றே கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். பறிக்கிறவர் இடுப்பில் கூடை. பழத்தைத் தொடக்கூடாது, காம்பைப் பிடித்துத்தான் பறிக்கவேண்டும். அடுத்த வருடத்து மொட்டு அந்தக் காம்பின் அடியிலேயே இருக்கிறது, அது கையோடு வந்துவிடக் கூடாது. பறவை விரட்ட விடியற்காலையிலிருந்து ஆள் நிற்கும். கிலுகிலுப்பை, தகரம், துப்பாக்கி எல்லாம் உண்டு.

விற்பனை முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பழம் மரத்தில் இருக்கும்போதே தோப்பு தோப்பாக ஏலம் விடுவார்கள். எடுத்தவர் பறித்து, சுமந்து, சந்தையில் விற்றுக்கொள்ளலாம். ஏலத்துக்குப் பிறகு மழை பெய்து பழம் வெடித்தால் அது அவர் தலையெழுத்து. கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர்கள் படுகிற பாடு அப்படியே. நிலக்காரர் தூங்குவார், குத்தகைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டெனத்திலிருந்து தெற்கே லின்ஸ்டெட். கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமாகப் பழைய வீடுகள். படம் எடுக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். பிறகு எம்2 விரைவுச்சாலையைக் கடந்ததும் டாடிங்டன், நியூனம் என்று ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு ஊர்கள். நியூனத்துத் தெருவில் காலிகோ ஹவுஸ் என்ற வீட்டைக் கட்டாயம் நிறுத்திப் பார்க்கவேண்டும். வெள்ளைச் சுவரில் சிவப்பு நிறத்தில் இலையும் கொடியும் பூவும் முகப்பு முழுக்க வரைந்திருக்கும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வேலை. அப்போது இந்தியாவிலிருந்து, அதிலும் சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுத் துணிக்கு இங்கிலாந்தில் பைத்தியமே பிடித்திருந்தது. உள்ளூர் நெசவாளர்கள் கலகம் செய்து, 1721இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே கூடாது என்று தடுத்தது. சுவரைத் தடுக்கச் சட்டம் இல்லை போலிருக்கிறது.

நியூனத்திலிருந்து ஈஸ்ட்லிங் ஏறினால் கொஞ்ச தூரத்தில் பெல்மாண்ட் மாளிகையின் வேலி வரும். இதுதான் இரண்டாவது ஹாரிஸின் இடம். பழக்கார ஹாரிஸுக்கும் இவருக்கும் உறவு எதுவும் இல்லை, பெயர் மட்டும் பொருந்தியிருக்கிறது.

ஜார்ஜ் ஹாரிஸ் 1746இல் இதே கென்டில், பிராஸ்டெட் என்ற ஊரில் ஒரு ஏழைப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். பட்டாளத்தில் சேர்ந்து, அமெரிக்க விடுதலைப் போரில் 1775இல் பங்கர் ஹில் சண்டையில் தலையில் குண்டுபட்டார். மண்டை ஓட்டில் துளையிட்டுச் சிகிச்சை செய்தார்கள். மயக்க மருந்து கிடையாது, கிருமி என்ற எண்ணமே கிடையாது. அதிலும் பிழைத்து எழுந்தார் என்றால், அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்க்கிற எனக்கு அதுதான் அவர் வாழ்க்கையின் பெரிய அதிசயம். மற்றதெல்லாம் சரித்திரப் பாடத்தில் இருக்கிறது. சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார். 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து படையைக் கிளப்பிக்கொண்டு மைசூருக்குப் போனார். பிற்காலத்தில் வெலிங்டன் பிரபு என்று உலகப்புகழ் பெற்ற ஆர்தர் வெல்லஸ்லி அந்தப் படையில் அவருக்குக் கீழே இருந்தவர். மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு சுல்தான் இறந்தார். கோட்டைக் கஜானா கொள்ளைப் பணமாகப் பங்கிடப்பட்டது. தளபதியின் பங்கு மிகப் பெரியது. அது அதிகம் என்று கிழக்கிந்தியக் கம்பெனியே அவரோடு வருடக்கணக்கில் வழக்காடியது.

அந்தப் பங்கு கென்டுக்கு வந்தது. 1801இல் பெல்மாண்டை வாங்கினார். வீட்டை விற்கும் நிலைக்குக் கொண்டுவந்தவர் ஜான் மான்ட்ரெஸர் என்ற ராணுவ எஞ்சினியர். சாமுவேல் வயட் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞரை வைத்து மாளிகையைப் பெரிதாக்கியவர். அமெரிக்கப் போர்க் கணக்கில் பணம் இடிக்கிறது என்று அரசாங்கம் அவர் சொத்தைப் பறிமுதல் செய்தது. 1799இல் மெய்ட்ஸ்டன் சிறையில் இறந்தார். ஒரு போரின் கணக்கு உதைத்து ஒருவர் இழந்த வீடு, இன்னொரு போரின் கணக்கு பைசலாகி இன்னொருவர் கைக்கு வந்தது. 1815இல் ஹாரிஸுக்கு பிரபு பட்டம் கொடுத்தபோது அதில் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் மைசூரையும் பெல்மாண்டையும் சேர்த்தே எழுதினார்கள். அவர் சமாதி பக்கத்துத் த்ரோலி ஊர் தேவாலயத்தில் இருக்கிறது.

வேலூர்க்காரர்களுக்கு இந்தக் கதையின் மறுபாதி தெரியும். திப்புவின் பிள்ளைகளையும் பெண்களையும் கம்பெனி எங்கள் ஊர்க் கோட்டையில்தான் கொண்டுவந்து வைத்தது. 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. கோட்டைக்குள் திப்பு மஹால், ஹைதர் மஹால் என்று சொல்லப்படும் கட்டடங்களைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சொத்தின் ஒரு துண்டு கென்டில் வேலி போட்ட பூங்காவாக நிற்கும் என்று எந்த ஆசிரியரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னும் ஒருவர் பாக்கி. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபோது அப்பகுதிப் பாளையங்களுக்குக் கலெக்டராக இருந்தவர் ஸ்டீபன் ரம்போல்ட் லூஷிங்டன். அவர் ஜெனரல் ஹாரிஸின் மருமகன். இங்கிலாந்து திரும்பி நாடாளுமன்ற உறுப்பினராகி, 1827 முதல் 1832 வரை சென்னை கவர்னராகவும் வந்தார். மாமனாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியதும் இவர்தான். அவர் குடியிருந்த நார்டன் கோர்ட் மாளிகை டெனத்துக்கும் ஃபேவர்ஷமுக்கும் நடுவில், இதே தோப்புகளுக்குள் இருக்கிறது. ஆக, கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் உத்தரவு போட்டவர்களின் இரண்டு வீடுகளுக்கும் இடையே சைக்கிளில் நிதானமாகப் போனாலும் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம்.

ஜெனரலின் பேரன், மூன்றாவது ஹாரிஸ் பிரபு, 1854 முதல் 1859 வரை சென்னை கவர்னர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதைக்காக 1856இல் ராயபுரம் நிலையம் திறக்கப்பட்டது இவர் காலத்தில், இவர் கையால். நான்காவது பிரபு பம்பாய் கவர்னர், கிரிக்கெட் பிரமுகர். ஐந்தாவது பிரபுவுக்குக் கடிகாரப் பைத்தியம். அவர் சேர்த்த நூற்றுக்கணக்கான கடிகாரங்கள்தான் இன்றைக்கு பெல்மாண்டுக்கு ஆட்களை இழுக்கின்றன. வருகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் என்ற பெயரை எத்தனை பேர் நின்று படிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

பெரிய வீடுகளின் கதை இப்படி. இனி கூலிக்கு வந்தவர்களின் கதை.

பியரில் கசப்புக்குச் சேர்க்கிற ஹாப்ஸ் கொடியும் ஃபிளாண்டர்ஸிலிருந்து வந்ததுதான். இதே கென்டைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட் 1574இல் ஹாப்ஸ் பயிரிடுவது பற்றி ஒரு கையேடு எழுதினார். (சூனியக்காரிகள் என்று கிழவிகளைப் பிடித்துக் கொல்வது மூடத்தனம் என்று பத்து ஆண்டு கழித்து எழுதியவரும் அவரே, அதற்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.) 1878இல் இங்கிலாந்தில் ஹாப்ஸ் 70,000 ஏக்கரைத் தாண்டியது, அதில் பெரும்பகுதி கென்டில். செப்டம்பரில் பறிக்க லண்டன் கிழக்குப் பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள், அதற்கென்று தனி ரயில்கள் ஓடின. அம்மா, பாட்டி, கைக்குழந்தை, சட்டி பானை எல்லாம் வரும். அப்பா சனி ஞாயிறு வந்து போவார். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் குடிசைகளில் வைக்கோல் படுக்கை. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா சின்ன வயதில் அப்படி வந்தவர். “எங்களுக்கு வருஷத்துக்கு ஒரே லீவு அதுதான், அதிலும் வேலை” என்பார். ஹாப்ஸ் பறித்தால் விரலெல்லாம் கறுப்பாகி, சாப்பாடே கசக்குமாம். 1960களுக்குள் இயந்திரம் வந்து அந்த ரயில்கள் நின்றுபோயின. ஹாப்ஸ் காயவைத்த கூம்புக் கூரைக் கட்டடங்களில் இப்போது லண்டனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கிறார்கள். விலை கேட்டால் தலை சுற்றும்.

சாலைகள் அமைதியானது இந்த வரிசையில்தான். 1858இல் சாதம் ஊரிலிருந்து ஃபேவர்ஷம் வரை ரயில் வந்ததும் பழம் படகைவிட்டு ரயிலுக்கு மாறிற்று. 1960களில் எம்2 வந்து, டோவருக்குப் போகிற வண்டிகளைக் குன்றடிவாரத்துக்கு இழுத்துக்கொண்டது. ஹாப்ஸ் கூட்டம் வருவது நின்றது. ஏணியும் போனது: கென்டிலேயே ஈஸ்ட் மாலிங் ஊரில் 1913இல் தொடங்கிய பழ ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் ஹாட்டன் வகைப்படுத்திக் கொடுத்த எம்9 என்ற குட்டை வேர்த்தண்டு, ஆப்பிள் மரத்தைத் தரையில் நின்றே பறிக்கும் உயரத்துக்குக் குறுக்கிவிட்டது. இன்று உலகெங்கும் குட்டை ஆப்பிள் தோப்புகளில் பாதிக் கதை அந்த வேரில் இருக்கிறது. 1973இல் பிரிட்டன் ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்ததும் பிரெஞ்சு கோல்டன் டெலிஷியஸ் வந்து குவிந்தது. எட்டாம் ஹென்றி காலத்து நிலைமையே திரும்பி வந்தது. 1990களில் ஆப்பிள் மரத்தை வேரோடு பிடுங்க ஐரோப்பிய மானியம் கொடுத்தார்கள். சைக்கிள்காரர் கண்ணுக்கு வெறும் கோதுமை வயலாகத் தெரிகிற சில இடங்கள் அப்படிப் பிடுங்கிய தோப்புகள்.

சைக்கிளும் இந்தக் காலவரிசையில் ஓர் ஓரத்தில் வருகிறது. சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கான சங்கம் 1878இல் தொடங்கியது. 1885இல் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள், 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர். அதற்குப் பிறகுதான் வேலை எதுவும் இல்லாமல், பார்ப்பதற்காக மட்டும் இந்தச் சாலைகளுக்கு வெளியூர் ஆட்கள் பெருவாரியாக வந்தார்கள். அமைதிக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது இன்னும் பிந்தி: 2000ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் கிராமச் சாலைகளை ‘அமைதிச் சாலை’ என்று அறிவிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. முதலில் சோதித்துப் பார்த்த இடங்களில் கென்டும் ஒன்று.

பெல்மாண்டிலிருந்து பெயின்டர்ஸ் ஃபோர்ஸ்டல் வழியாகத் திரும்பினால் ஃபேவர்ஷமுக்கு முன்னால் பிராக்டேல். தேசியப் பழ மரத் தொகுப்பு இங்கே இருக்கிறது. ஆப்பிளில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட ரகங்கள், ரகத்துக்குச் சில மரங்கள். கடையில் கிடைக்கிற காலா ஆப்பிள் நியூசிலாந்தில் உருவானது. அதன் பாட்டன் 1820களில் லண்டன் அருகே விளைந்த காக்ஸ். அந்தக் காக்ஸ் மரத்தை இன்று விவசாயிகள் கைவிட்டுக்கொண்டிருக்கிறார்கள், பேரன் தோப்பை எடுத்துக்கொண்டுவிட்டான். செர்ரியும் குட்டையாகி பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் போய்விட்டது. மழைக்குப் பயமில்லை, பறவைக்குப் பயமில்லை, பார்க்கத்தான் அழகில்லை. அதைக் குறை சொல்கிற உள்ளூர்க்காரர்கள் ஏணியில் ஏறிப் பறித்தவர்கள் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

பறிக்கிறவர்கள் இப்போது கிர்கிஸ்தானிலிருந்தும் தஜிகிஸ்தானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் ஆறு மாத விசாவில் வருகிறார்கள். தோப்புக்குப் பின்னால், சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் அவர்களுடைய நடமாடும் வீடுகள் வரிசையாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போக இரண்டு பேர், மூன்று பேராகச் சாலையோரம் நடந்து வருவார்கள். இந்த வழியில் நடந்து போகிறவர்கள் என்று இன்றைக்கு யாராவது உண்டென்றால் பெரும்பாலும் அவர்கள்தான். சைக்கிளில் போகிற நாம் மணி அடித்து ஒதுங்கச் சொல்லாமல், வேகத்தைக் குறைத்து ஒரு வணக்கம் சொல்லிப் போவது மரியாதை.

லண்டன் வருகிற நம்மவர்கள் கோபுரத்தையும் கோகினூரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாள் மிச்சம் வையுங்கள். பூ வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசி. பழம் வேண்டுமென்றால் ஜூலை. விக்டோரியா நிலையத்திலிருந்து டெனத்துக்கு ரயில் இருக்கிறது. கூட்ட நேரம் தவிர மற்ற வேளையில் சைக்கிளை ஏற்றலாம். த்ரோலி தேவாலயம் திறந்திருந்தால் உள்ளே போய் ஜெனரலின் நினைவுச் சின்னத்தைப் படித்துவிட்டு வாருங்கள். வழியில் பண்ணை வாசலில் செர்ரியைப் பையில் போட்டு வைத்திருப்பார்கள், காசைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொள்ளலாம். வேலிக்கு வெளியே நீட்டிய கிளைதானே என்று கைவைத்துவிடாதீர்கள். அதற்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.